கப்பலின் பலாஸ்ட் தண்ணீரும் எங்கள் சிறுகடலும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, சரக்குக் கப்பல்களில் பல வருடம் பம்ப் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். முன்பெல்லாம் லீவில் வந்தால் சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்ற இரண்டு கேள்விதான் வரும். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "கப்பல்காரர் கொண்டுவந்து ஊத்துற தண்ணியாலதான் கடலுக்குள்ள கண்டறியாத சாமான் எல்லாம் வருதாமே, உண்மையா அண்ணை?" கடற்றொழிலாளர் சங்கத்திலும் கேட்கிறார்கள், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பலாஸ்ட் தண்ணீர் என்றால் என்ன?

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்னுக்குப் பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். பைபர் படகிலும் இதே கதைதான். எஞ்சினும் ஆட்களும் பின்னுக்கு இருந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும். ஒரு மண்மூட்டையைத் தூக்கி முன்னுக்குப் போட்டால்தான் படகு சொல்வழி கேட்கும். அந்த மண்மூட்டைதான் பலாஸ்ட்.

பெரிய கப்பல் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகக் கிளம்பினால் வெறுந் தகரப்பேணி போல மிதக்கும். காற்று தள்ளும், உடல் முறுக்கும், விசிறி பாதி தண்ணீருக்கு வெளியே நின்று சுழலும். அதனால் அடித்தளத்திலும் இரண்டு பக்கங்களிலும் உள்ள தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற, அந்தத் தண்ணீரை வெளியே விடுவார்கள். ஒரு காலத்தில் கல்லும் மணலும்தான் பலாஸ்ட். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரும்புக் கப்பலும் நல்ல பம்பும் வந்த பிறகு தண்ணீருக்கு மாறினார்கள். கல்லை ஆள் வைத்து ஏற்றி இறக்க வேண்டும். தண்ணீருக்கு ஒரு வால்வைத் திறந்தால் போதும்.

எவ்வளவு தண்ணீர்?

30,000 தொன் கொள்ளும் நடுத்தரக் கப்பல் ஒன்று 10,000 தொன் வரை பலாஸ்ட் ஏற்றும். ஒரு கோடி லீற்றர். வரட்சிக் காலத்தில் தெருவுக்கு வருகிறதே 10,000 லீற்றர் பவுசர், அதில் ஆயிரம் பவுசர் தண்ணீரை ஒரே கப்பல் ஒரு கரையில் அள்ளி இன்னொரு கரையில் ஊற்றுகிறது. உலகம் முழுவதும் கப்பல்கள் இப்படி நாடு விட்டு நாடு கொண்டுபோகும் தண்ணீர் வருடத்துக்கு 300 முதல் 500 கோடி தொன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வெறும் உப்புத் தண்ணீர்தானே, அதில் என்ன உயிர் இருக்கப்போகிறது?

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துப் போய் விளக்கெரிப்பது உங்களுக்குத் தெரியும். அப்படிக் கடலில் அள்ளும் தண்ணீரின் ஒரே ஒரு மில்லிலீற்றரில் பத்து இலட்சம் பற்றீரியா அளவில் இருக்கும். அதோடு பாசி, மீன்முட்டை, நண்டுக்குஞ்சு, சிப்பிக்குஞ்சு. கல்லில் ஒட்டி நகராமல் இருக்கும் சிப்பியும் பிறந்த புதிதில் கண்ணுக்குத் தெரியாத தூசாகக் கிழமைக்கணக்கில் மிதந்து திரிந்ததுதான். கப்பல் தண்ணீர் உறிஞ்சும் வாயில் போட்டிருக்கும் கம்பித் தட்டி பெரிய மீனை மறிக்கும், தூசை மறிக்காது.

ஏறியதில் பெரும்பகுதி வழியிலேயே செத்துவிடும். தொட்டிக்குள் வெளிச்சம் இல்லை, தீன் இல்லை, வெப்பம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் துறைமுகத்தில் ஏறித் துறைமுகத்தில் இறங்குவதுதான் இதில் உள்ள சிக்கல். ஆழமில்லாத, கலங்கலான, உப்புக் கூடிக் குறைகிற கரைநீரில் வளர்ந்த உயிர் அதே மாதிரியான இன்னொரு கரைநீரில் போய் இறங்குகிறது. தப்பியது கொஞ்சமாக இருந்தாலும் அதற்குப் பழகிய வீடு கிடைத்துவிடுகிறது.

தொட்டிக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

பல தடவை. மூடியைத் திறந்து, மணிக்கணக்கில் காற்று அடித்து, உள்ளே ஒட்சிசன் 20.8 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று மீற்றரில் பார்த்த பிறகுதான் இறங்க விடுவார்கள். துருப்பிடிக்கும் இரும்பு தொட்டிக்குள் இருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். இதைப் பாராமல் இறங்கிச் செத்த ஆட்கள் உலகத்தில் நிறைய.

இரட்டை அடித்தளத்துக்குள் நிமிர முடியாது. இரும்புச் சட்டங்களில் உள்ள ஓட்டைகளால் ஒவ்வொரு அறையாகத் தவழ்ந்துதான் போக வேண்டும். தண்ணீரை இறைத்து முடித்தாலும் அடியில் கணுக்காலளவு சேறு கிடக்கும், வத்துக்கடலின் சேற்றைப் போலக் கறுப்பாக, அதே மணத்தோடு. ஒருமுறை அதைத் தகரக் கோப்பையால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது டோர்ச் வெளிச்சத்தில் ஒன்று ஓடியது. பெருவிரல் நகமளவு நண்டு. அந்தத் தொட்டி நிரம்பி மூன்று கிழமைக்கு மேல் ஆகியிருந்தது. நான் அதுவரை பலாஸ்ட் தண்ணீரைத் தண்ணீர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

சேற்றில்தான் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. சில நச்சுப் பாசிகள் வாழ முடியாத நேரத்தில் விதை போல ஓடு கட்டிக்கொண்டு அடியில் உறங்கும், வருடக்கணக்கில். தண்ணீரை மாற்றினாலும் சேற்றைக் கழுவாவிட்டால் அது தொட்டிக்குள்ளேயே இருக்கும்.

வன்னியில் துறைமுகமே இல்லையே, எங்களுக்கு இதனால் என்ன?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தலைமன்னார் இறங்குதுறையில் இராமேசுவரம் கப்பல் நின்று 1984ஓடு 40 வருடம் கடந்துவிட்டது. பாக்கு நீரிணையில் ஆழம் இல்லை, இராமர் அணையில் அதுவும் இல்லை. ஆகவே பெரிய கப்பல்கள் இலங்கையின் தெற்கைச் சுற்றித்தான் போகின்றன. வன்னிச் சனம் கிட்டத்தில் பார்த்த பெரிய கப்பல் என்றால் 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டிய ஜோர்தான் நாட்டு ஃபாரா-3 தான். இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிப் போன கப்பல் அது. 2009இல் அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சரக்கோடு போகும் கப்பலில் பலாஸ்ட் தொட்டிகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். இந்த விசயத்தில் கவனிக்க வேண்டியது வெறுமையாக வரும் கப்பலை.

கணக்கு இதுதான்: சரக்கை இறக்கும் துறைமுகம் தண்ணீரைக் கொடுக்கிறது, ஏற்றும் துறைமுகம் தண்ணீரை வாங்குகிறது. திருகோணமலைக்குக் கோதுமையும் சீமெந்துக் கிளிங்கரும் வந்து இறங்குகின்றன. அந்தக் கப்பல்கள் போகும்போது கொட்டியாரக் குடாவின் தண்ணீரை அள்ளிக்கொண்டு போகும். அதாவது எங்கள் கடலின் உயிர்களும் எங்கோ ஓர் ஊரில் ஆக்கிரமிப்பு இனமாகலாம். முல்லைத்தீவுக்குக் கொஞ்சம் தெற்கே பாருங்கள், கொக்கிளாய்க் களப்புக்குப் பக்கத்தில் புல்மோட்டை. இல்மனைற்று என்ற கனிம மணல் அங்கிருந்து ஏற்றுமதியாகிறது. மணல் ஏற்ற வரும் கப்பல் வெறுமையாக வரும். வெறுமையாக வருவது பலாஸ்ட்டோடுதான் வரும். வன்னியின் வாசலில் நேரே தண்ணீர் வாங்கும் வியாபாரம் என்றால் அதுதான், ஆனால் பலாஸ்ட் பற்றிய பேச்சில் புல்மோட்டையின் பெயரை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை.

அடுத்தது நீரோட்டம். வாடைக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையோர ஓட்டம் வடக்கிலிருந்து தெற்காக இறங்கி எங்கள் கரையைத் தடவிக்கொண்டு போகும். எங்கேயோ கட்டிய மூங்கில் தெப்பம் மார்கழியில் வந்து கரையேறுவதைப் பார்த்திருப்பீர்கள். தெப்பம் வரும் வழியில் சிப்பிக்குஞ்சும் வரலாம். வடக்கே சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று வரிசையாகத் துறைமுகங்கள், தெற்கே திருகோணமலை, மேற்கே மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடி. எங்களுக்குத் துறைமுகம் இல்லை என்பது உண்மை, அயலில் எல்லோருக்கும் இருக்கிறதே.

எண்ணூரில் வந்த காக்கா ஆழி என்பது என்ன?

தென், மத்திய அமெரிக்கக் கரைகளுக்கு உரிய ஒரு சிறிய சிப்பி. எண்ணூர், பழவேற்காட்டு மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கொத்துக் கொத்தாகத் தரையில் கம்பளம் விரித்தது போலப் படர்ந்துவிடும். கையால் தடவி இறால் பிடிக்கும் இடங்களை மூடிவிடும், உள்ளூர் மட்டியை நெரித்துவிடும். கேரளத்துக் காயல்களிலும் இதே சிப்பி பரவியிருக்கிறது. கப்பலோடு வந்தது என்பதுதான் பொதுவான கருத்து. பலாஸ்ட் தண்ணீரிலா, கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டா என்பதைப் பிரித்துச் சொல்வது வந்து சேர்ந்த பிறகு இயலாத காரியம்.

நான் இதை விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழவேற்காடு எப்படியோ அப்படித்தான் எங்கள் களப்புகளான நந்திக்கடலும் நாயாறும் சாலையும்: ஆழமில்லாத தண்ணீர், மாரி வெள்ளம் வந்தால் நன்னீர், ஆவணி வெயிலில் கடலைவிடக் கூடிய உப்பு. இந்த ஏற்ற இறக்கம் ஒரு வகையில் எங்களுக்குக் காவல். நோஞ்சான் உயிர்கள் ஒரு வருடம் தாங்காது. ஆனால் ஊரூராகக் கப்பலேறிப் பிழைத்தவை நோஞ்சான்கள் அல்லவே. விசாகப்பட்டினத்தில் 1967இலேயே பதிவான இன்னொரு கரிபியன் சிப்பி கிட்டத்தட்ட நன்னீரிலிருந்து கடலைவிடக் கூடிய உப்பு வரை எதிலும் உயிர்வாழும். அதற்கு நந்திக்கடல் மாமியார் வீடு.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டதா?

இல்லை. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். பல நூறு வருடமாக நிற்கிறது, ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்கவில்லை, மாறாகச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவருகிறது. எங்கள் குளங்களில் ஜப்பான் மீன் என்று சொல்லிப் பிடிக்கும் திலாப்பியாவும் ஆபிரிக்காக்காரன்தான். 1950களில் வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். உள்ளூர் மீனுக்கு அது என்ன செய்தது என்பது ஒரு பக்கம், எத்தனை வீட்டு உலை அதனால் கொதித்தது என்பது மறுபக்கம்.

பார்த்தீனியம் என்ற களையை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 1990களின் கடைசியில் வவுனியாப் பக்கம் கண்டார்கள். இந்தியப் படையின் ஆடுகளோடு வந்தது என்று சனம் சொல்லும். எப்படி வந்ததோ, இன்று தோட்டக்காரர் பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகாயத்தாமரைக்காக 1909இலேயே இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாகச் சட்டமும் இருக்கிறது, குளத்தில் ஆகாயத்தாமரையும் இருக்கிறது. வந்து, பெருகி, மற்றதை நெரித்தால்தான் ஆக்கிரமிப்பு இனம். சிலர் இதற்கு "வந்தேறி" என்று எழுதுகிறார்கள். மனிதரை ஏசப் பயன்பட்ட சொல்லைச் சிப்பிக்கு வைக்க எனக்கு மனமில்லை.

உலகத்தில் உண்மையாகவே ஒரு கடற்றொழில் இதனால் அழிந்திருக்கிறதா?

கருங்கடலைச் சொல்லலாம். அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் வாழும் ஒரு சீப்புச் சொறி (ஜெலி மாதிரி உடம்புள்ள கடலுயிர்) 1980களின் தொடக்கத்தில் பலாஸ்ட் தண்ணீரில் அங்கே போய்ச் சேர்ந்தது. கோழிமுட்டைக்குக் கொஞ்சம் பெரிதாக, கண்ணாடி மாதிரி இருக்கும், எங்கள் சொறி போலக் கடிக்காது. பார்க்க அப்பாவி. ஆனால் மீன்முட்டையையும் குஞ்சுகளையும் அவை தின்னும் நுண்ணுயிர்களையும் சேர்த்துத் தின்றது. அதைத் தின்ன அங்கே ஆள் இல்லை. 1980களின் முடிவில் கடல் முழுக்க அதுவாக இருந்தது, நெத்தலித் தொழில் விழுந்தது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஏற்கெனவே மெலிந்திருந்த மீனின் மேல்தான் சொறி ஏறி உட்கார்ந்தது.

பிறகு நடந்தது விசித்திரம். 1997இல் இன்னொரு சீப்புச் சொறி வந்து சேர்ந்தது. அதுவும் கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். அதன் தீனே முதலாவது சொறிதான். பழையது குறைந்தது, நெத்தலி ஓரளவு திரும்பியது. இதை வைத்து "ஒன்றுக்கு ஒன்று மருந்து தானே வரும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. லொத்தர் விழுந்த ஒருவனைக் காட்டி எல்லோரையும் டிக்கெட் வாங்கச் சொல்வது போன்ற கதை அது.

வட அமெரிக்கப் பேரேரிகளில் 1988இல் கண்ட வரிக்குதிரைச் சிப்பி தண்ணீர்க் குழாய்களை அடைத்து இன்றுவரை செலவு வைக்கிறது. 1991இல் தென்னமெரிக்காவில் கொலரா பரவிய நேரத்தில், அதே கிருமியை அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாத் துறைமுகங்களுக்கு வந்த கப்பல்களின் பலாஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். மீனோடு மட்டும் முடிகிற விசயம் இல்லை இது.

இதற்குச் சட்டம் ஏதும் இல்லையா?

இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004 பெப்ரவரியில் பலாஸ்ட் நீர் முகாமைத்துவத்துக்கு ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. நடைமுறைக்கு வர 30 நாடுகள் ஒப்பமிட வேண்டும், அவற்றின் கப்பல்கள் உலகக் கொள்ளளவில் 35 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று வைத்ததால் 2017 செப்டெம்பர் 8 வரை இழுத்தது. 13 வருடம்! அதன்படி வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு முகாமைத்துவத் திட்டமும் ஒரு பதிவுப் புத்தகமும் இருக்க வேண்டும். 400 தொன்னுக்கு மேற்பட்டவற்றுக்குச் சான்றிதழும் வேண்டும். போர்க்கப்பல்களுக்கு விலக்கு. பலாஸ்ட் ஏற்றும்படி கட்டாத சிறு படகுகளுக்கும் இது பொருந்தாது.

முதலில் நடுக்கடலில் தண்ணீரை மாற்றினால் போதும் என்று விட்டிருந்தார்கள். 2024 செப்டெம்பர் 8க்குப் பிறகு அது போதாது. வெளியே விடும் தண்ணீரில் உயிர் இவ்வளவுக்குக் குறைவாகத்தான் இருக்கலாம் என்ற அளவை எல்லாக் கப்பலும் எட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் சுத்திகரிப்பு இயந்திரம் பூட்டியாக வேண்டும்.

நடுக்கடலில் மாற்றினால் என்ன குறை?

யோசனை நல்லதுதான். கரைத் தண்ணீரை ஆழ்கடலில் விட்டு, ஆழ்கடல் தண்ணீரை ஏற்றிக்கொள்வது. கரையில் வாழ்வது ஆழ்கடலில் வாழாது, ஆழ்கடலில் வாழ்வது கரையில் வாழாது. கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பால், 200 மீற்றருக்குக் குறையாத ஆழத்தில், 95 சதவீதமாவது மாற வேண்டும் என்பது விதி. முடியாவிட்டால் 50 கடல்மைல், அதே ஆழம்.

எங்கள் பக்கத்தில் இது கடுதாசியில் மட்டும் சரிவரும். 200 கடல்மைல் என்றால் 370 கிலோமீற்றர். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு மொத்தமே 300 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். அந்த ஓட்டத்தில் 200 கடல்மைல் அப்பால் என்று ஓர் இடமே கிடையாது. பாக்கு நீரிணையை விடுங்கள், அங்கே 200 மீற்றர் ஆழத்துக்குக் கிணறுதான் வெட்ட வேண்டும். தண்ணீரை மாற்றுவதற்காகக் கப்பல் வழியை விட்டு விலகிப் போக வேண்டியதில்லை என்றும் அதே விதி சொல்கிறது. ஆக, அயல் துறைமுகத்திலிருந்து வரும் தண்ணீர்தான் மாறாமலே வரும் தண்ணீர்.

இதில் ஆபத்தும் உண்டு. 2006 ஜூலையில் 4,700க்கு மேற்பட்ட மஸ்டா வாகனங்களோடு அமெரிக்காவுக்குப் போன கூகர் ஏஸ் என்ற கப்பல், அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே பலாஸ்ட் மாற்றும்போது நிலை தவறி ஒரேயடியாகப் பக்கம் சரிந்தது. அத்தனை காரையும் பிறகு நொறுக்கித் தள்ளினார்கள். கப்பலை மீட்கப் போனவர்களில் ஒருவர் உயிரும் போனது. முன்பாரம் பின்பாரம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்த விசயம் விளையாட்டில்லை.

இயந்திரம் எப்படிச் சுத்தம் செய்கிறது?

முதலில் வடி. 40, 50 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள வடியில் பெரியவை நிற்கும். தலைமயிரைவிட நுண்ணிய கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடியில் நின்றதை, ஏற்றிய கடலிலேயே கழுவி விட்டுவிடும். பிறகு இரண்டு பிரதான வழிகள். ஒன்று, புறஊதா விளக்குகளுக்கு நடுவே தண்ணீரை ஓடவிடுவது. மற்றது, கடல்நீருக்குள்ளேயே மின்சாரம் பாய்ச்சி அதன் உப்பிலிருந்து குளோரின் உண்டாக்குவது. கிணற்றுக்குக் குளோரின் போடுகிற அதே வேலைதான். வெளியே விடும்போது மிச்சக் குளோரினை இன்னொரு மருந்து போட்டு முறிக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்து மீனுக்குக் கேடு.

பிரசுரத்தில் இது அழகாக இருக்கும். கலங்கல் தண்ணீரில் வடி பத்து நிமிடத்துக்கொருமுறை அடைக்கும். புறஊதாவும் கலங்கலைத் துளைக்காது. ஆற்றுமுகத் துறைமுகத்தில் உப்பு போதாமல் குளோரின் உண்டாகாது. சரக்கு ஏற்றும் வேகத்துக்கு இயந்திரம் ஈடுகொடுக்காவிட்டால் அலுவலகத்திலிருந்து போன் வரும்.

அளவையும் கவனியுங்கள். 50 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கனமீற்றரில் 10க்குக் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 50 வரையானவை ஒரு மில்லிலீற்றரில் 10க்குக் குறைவு. கொலராக் கிருமிக்கும் மலக் கிருமிகளுக்கும் தனி எல்லை உண்டு. கேட்கக் கடுமையாக இருக்கிறது, இல்லையா? 10,000 தொன்னுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு இலட்சம் பெரிய உயிர்கள் வரை சட்டப்படியே வெளியே விடலாம். முன்பு இருந்ததோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். ஆனால் "இனிச் சுத்தம்" என்று யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலைச் செய்து காட்டுங்கள்.

யார் பரிசோதிக்கிறார்கள்?

கப்பல் போகும் துறைமுகத்தின் அதிகாரிகள். சான்றிதழ், திட்டம், பதிவுப் புத்தகம் மூன்றையும் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் மாதிரி எடுப்பார்கள். இலங்கையில் கடல் மாசடைதலைக் கையாள்வது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை.

பதிவுப் புத்தகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை செய்த ஒரு கப்பலில் ஒரு மாதத்துப் பலாஸ்ட் பதிவு முழுவதும் ஒரே இரவில் எழுதப்பட்டது. ஒரே பேனா, ஒரே சாய்வு, தேத்தண்ணிக் கறை ஒன்று மூன்று பக்கத்துக்கு ஊறியிருந்தது. மறுநாள் வந்த அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். எல்லாக் கப்பலும் அப்படியில்லை. மணிக்கணக்குத் தவறாமல் எழுதும் சீஃப் ஒஃபிசர்களிடமும் நான் வேலை செய்திருக்கிறேன். ஆனால் இயந்திரம் பூட்டியாயிற்று என்பதும் இயந்திரம் ஓடுகிறது என்பதும் இரண்டு வேறு விசயம்.

கரையில் காலில் ஒட்டும் தார்க்கட்டி இதுவா?

இல்லை. அது எண்ணெய்: எஞ்சின் அறைக் கழிவு, எண்ணெய்த் தாங்கி கழுவிய தண்ணீர், விபத்தில் கசிந்தது இப்படி. முன்னொரு காலத்தில் எண்ணெய்க் கப்பல்கள் எண்ணெய் இருந்த தாங்கியிலேயே பலாஸ்ட்டும் ஏற்றின. இப்போது தொட்டிகள் வேறு வேறு. பலாஸ்ட் தண்ணீர் பார்வைக்குக் கடல்நீர் மாதிரியே இருக்கும், ஆகவே கண்ணால் பிடிக்க முடியாது.

எங்கள் படகுகளுக்கு இதில் பங்கில்லையா?

பலாஸ்ட்டில் இல்லை, பரப்புவதில் உண்டு. அவுஸ்திரேலியாவின் டார்வின் படகுத்துறையில் 1999இல் அந்தக் கரிபியன் சிப்பியைக் கண்டார்கள். அது வந்தது உல்லாசப் படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு. அந்தத் துறைக்குப் பூட்டும் கதவு இருந்தது. கதவை மூடி, குளோரினும் செப்புச் சல்பேற்றும் கொட்டி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கொன்று ஒரு மாதமளவில் ஒழித்தார்கள். நந்திக்கடலுக்குக் கதவு இல்லை. இருந்தாலும் அப்படி மருந்து கொட்ட எந்தச் சங்கம் சம்மதிக்கும்?

ஒரு களப்பில் தொழில் செய்த வள்ளத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி இன்னொரு களப்பில் இறக்குவது எங்களுக்குச் சாதாரணம். கொக்கிளாயில் ஏதாவது வந்தால் நாயாறுக்கும் நந்திக்கடலுக்கும் கொண்டுபோகப் போவது கப்பல் அல்ல, நாங்கள்தான். வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீரைக் கரையில் ஊற்றுங்கள், அடியைச் சுரண்டுங்கள், வலையை வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் கொண்டுபோங்கள். சுரண்டியதைத் திரும்பத் தண்ணீருக்குள் தள்ள வேண்டாம்.

அப்படியானால் மீன் குறைவது பலாஸ்ட்டாலா?

இல்லை. இழுவைப் படகு, சின்னக் கண் வலை, தூர்ந்துபோன முகத்துவாரம், வெட்டப்பட்ட கண்டல் என்று உங்களுக்கே தெரிந்த காரணங்கள் இருக்கின்றன. கப்பலைக் குற்றம் சொன்னால் அவற்றைப் பேசாமல் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

புதிதாக ஏதாவது கண்டால் என்ன செய்வது?

எறியாதீர்கள். கடலுக்குள் எறியவே எறியாதீர்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் போனில் இரண்டு படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எந்த இடம், எந்தத் திகதி, எவ்வளவு ஆழம், எதில் ஒட்டியிருந்தது என்று குறியுங்கள். இரண்டு மூன்றை ஜாம் போத்தலில் போட்டுச் சாராயத்தில் ஊறவையுங்கள், அல்லது ஐஸ்பெட்டியில் வையுங்கள். பிறகு உங்கள் கடற்றொழில் பரிசோதகரிடமோ நாரா என்ற நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்திடமோ பல்கலைக்கழகக் கடற்றொழில் துறையிடமோ கொடுங்கள். அதிகாரி களப்புக்கு எப்போதாவது வருவார், நீங்கள் ஒவ்வொரு நாளும் இறங்குகிறீர்கள். வலையில் சிக்கிய சிப்பியைக் கையில் எடுத்ததும் "இது எங்கட இல்லை" என்று சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான்.

அந்தப் புதுச் சிப்பியைச் சாப்பிடலாமா?

கேட்பீர்கள் என்று தெரியும், சங்கத்தில் முதலில் கை உயர்த்தியவரே இதைத்தான் கேட்டார். வேண்டாம். சிப்பி தண்ணீரை வடித்துத் தின்னும் உயிர். அந்தத் தண்ணீரில் நச்சுப் பாசி இருந்தால் நஞ்சு அதன் தசையில் சேரும். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் அப்படிப்பட்ட பாசி வந்த பிறகு சிப்பிப் பண்ணைகளை அவ்வப்போது மூட வேண்டியதாயிற்று. உதடு விறைக்கும், பிறகு கைகால், கூடிப்போனால் மூச்சு. எவ்வளவு அவித்தாலும், மிளகாய்த்தூள் எவ்வளவு போட்டாலும் அந்த நஞ்சு போகாது.